எண்பதுகளின் மலைப்படங்கள்: மேகம் ஏறும் நேரம் தெரிந்த ஐந்து

கோடையில் நீலகிரியின் குன்னூர், கேத்திப் பக்கம் மேகம் ஏறுவது பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகு. காலையில் கீழே சமவெளி காயும். சூடான காற்று கல்லாறு பள்ளத்தைப் பிடித்து மேலே வரும், வரவரக் குளிரும், குளிர்ந்த இடத்தில் மேகமாகிவிடும். மேட்டுப்பாளையம் ஸ்டேஷன் 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி ஸ்டேஷன் 2,203 மீட்டரில். நடுவில் இருக்கும் அந்த ஏறக்குறைய 1,900 மீட்டர் ஏற்றம்தான் மேகத்தைச் சமைக்கிற அடுப்பு. அதனால் அந்த மாதங்களில் மேகம் தலைக்கு மேலிருந்து வராது, காலுக்குக் கீழே இருந்து ஏறி வரும். முதலில் பள்ளத்துத் தேயிலை மறையும், அப்புறம் சாலை வளைவு, அப்புறம் எதிர்வீட்டுக் கூரை. கொடியில் காயும் துணியை எடுக்க இவ்வளவு நேரம் போதும். ஒரு ஷாட் எடுக்கப் போதாது.

எண்பதுகளில் இந்த மலைக்கு வந்துபோன படப்பிடிப்புகளுக்குக் கணக்கே இல்லை. பெரும்பாலானவை ஒரு பாட்டுக்காக வந்தவை. புல்தரை, ஏரி, பைன் மரங்கள் என்று மூன்று நாளில் முடித்துக்கொண்டு மேட்டுப்பாளையம் இறங்கிவிடுவார்கள். மேகம் வந்தால் பேக்கப், வெயில் வந்தால் ஷாட். அந்தப் படங்களைக் குறை சொல்லவில்லை, ஆனால் என் பட்டியலில் அவை வராது. 1980 முதல் 1989 வரை வந்தவற்றில், இந்த மலையின் வெளிச்சத்தைத் தெரிந்துகொண்டு எடுத்த படங்கள் என்று நான் நினைப்பவை ஐந்து. அதில் ஒன்றை அதன் ரயிலுக்காக மட்டுமே சேர்த்திருக்கிறேன்.

படங்களுக்குப் போகும் முன் அந்தக் காலத்து ஃபிலிமைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது தெரியாமல் இவர்கள் செய்ததன் கனம் புரியாது. போஸ்டர்களில் நாம் படித்துப் பழகிய ஈஸ்ட்மென் கலர் நெகட்டிவில் அப்போது பரவலாகப் புழங்கியது 5247 என்ற வகை. அதன் வேகம், அதாவது வெளிச்சத்தைப் பிடிக்கும் திறன், 100 ஏஎஸ்ஏ, அதுவும் டங்ஸ்டன் விளக்கின் மஞ்சள் வெளிச்சத்துக்கு. பகல் வெளிச்சத்தில் அப்படியே எடுத்தால் படம் நீலமாகிவிடும். அதைச் சரிக்கட்ட லென்ஸுக்கு முன்னால் 85 என்ற ஆரஞ்சு ஃபில்டரைப் போடுவார்கள். அந்த ஃபில்டர் மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றுவிடும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பது அல்லது பாதியாவது). கையில் மிஞ்சுவது 64. இன்றைய போன் கேமரா இருட்டறையில் ஆயிரக்கணக்கில் தானாக ஏற்றிக்கொள்கிற எண் அது. ஈஸ்ட்மெனில் 250 வேகம் 1982இல்தான் வந்தது, 400 அதற்கு அடுத்த ஆண்டு. ஆக இந்தப் பட்டியலின் முதல் மூன்று படங்களும் எடுக்கப்பட்டபோது கேமராமேன்களின் கையில் பொதுவாக இருந்தது மெதுவான ஃபிலிம்தான்.

அவுட்டோரில் அதிகம் பயன்பட்ட கேமரா ஏரி 2சி. அதில் 400 அடி மேகசின் போடுவார்கள். 35 எம்எம் ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும் என்பதால் 400 அடி என்பது நாலரை நிமிடம்கூட இல்லை. எடுத்த நெகட்டிவ் கீழே இறங்கி, கோவை போய், அங்கிருந்து சென்னை லேபுக்குப் போக வேண்டும். கழுவிப் போட்டுப் பார்க்கும் முதல் பிரிண்டான ரஷ் என்ன ஆனது என்ற செய்தி திரும்பி வர நாட்கள் ஆகும். எக்ஸ்போஷரில், அதாவது ஃபிலிமுக்குள் விட்ட வெளிச்ச அளவில், தவறு நடந்திருந்தால், அது தெரிய வரும்போது அந்த மேகமும் இருக்காது, சில சமயம் அந்த நடிகரும் இருக்க மாட்டார்.

மேகத்தில் நடக்கும் முதல் தவறு எக்ஸ்போஷரில்தான். காட்சியிலிருந்து திரும்பி வரும் வெளிச்சத்தை அளக்கிற மீட்டர், எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே நினைத்துக் கணக்குச் சொல்லும். மேகம் வெள்ளை. மீட்டர் சொன்னபடி எடுத்தால் வெள்ளை மேகம் அழுக்குச் சாம்பலாக வந்து விழும், முகம் அதைவிட இருண்டு போகும். ஒன்றிலிருந்து ஒன்றரை ஸ்டாப் திறந்து எடுத்தால்தான் மேகம் மேகமாக இருக்கும். அதையும் தாண்டித் திறந்தால் மேகத்துக்குள் இருக்கும் மடிப்புகள் கரைந்து, வெள்ளைத்தாளை ஒட்டிவைத்த மாதிரி ஆகிவிடும். இந்த அரை ஸ்டாப் இடைவெளியில் வேலை செய்தவர்களின் படங்கள்தான் கீழே வருபவை.

'மூடுபனி', 1980. பாலு மகேந்திரா எழுதி, ஒளிப்பதிவு செய்து, இயக்கியது. இளையராஜாவுக்கு நூறாவது படம். பிரதாப் போத்தன், ஷோபா. பெண்களைக் கொல்லும் ஒருவன், தான் மணக்க விரும்பிய பெண்ணைக் கடத்தி ஊட்டிக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறான். அந்த ஊட்டிப் பகுதிக்காகத்தான் இந்தப் படத்தை முதலில் வைக்கிறேன். இங்கே மேகம் அழகுக்கு வரவில்லை. அது ஒரு தாழ்ப்பாள். வெளியே போனால் வழி தெரியாது என்ற பயத்தை அதுவே கொடுத்துவிடுகிறது.

வீட்டுக்குள் இருக்கும் வெளிச்சத்தைப் பாருங்கள். மலைப் பங்களாக்களில் சுவர் தடிமன், ஜன்னல் சிறியது. வெயில் நாளில் ஜன்னலுக்கு வெளியே இருக்கும் வெளிச்சமும் உள்ளே இருக்கும் வெளிச்சமும் எட்டாத தூரத்தில் நிற்கும். ஐந்து ஆறு ஸ்டாப் வித்தியாசம் சாதாரணம். முகத்துக்கு வைத்தால் ஜன்னல் எரிந்துபோகும், ஜன்னலுக்கு வைத்தால் முகம் கரி. இதைச் சரிக்கட்ட உள்ளே பெரிய விளக்குகளை வைப்பது வழக்கம். வைத்தால் சுவரில் இரண்டு மூன்று நிழல் விழும், அறை அறையாக இருக்காது, செட் ஆகிவிடும். மேகம் சூழ்ந்த நாளில் நிலைமை வேறு. வெளியே வெளிச்சம் குறையும், ஆனால் அது எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே மாதிரி வரும். ஜன்னலே ஒரு பெரிய மெத்தென்ற விளக்காகிவிடும். உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் பாதியாகக் குறையும். எதிர்ப்பக்கம் ஒரு தெர்மோகோல் பலகையைப் பிடித்தால் முகத்தின் நிழல் பக்கமும் தெரிந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால் கனத்த மூட்டத்தில் வெளியிலேயே லென்ஸ் திறப்பு 5.6தான் கிடைக்கும் (எண் குறையக் குறைய லென்ஸை அகலமாகத் திறக்க வேண்டும்). ஜன்னலை விட்டு நாலடி உள்ளே வந்தால் 2, இன்னும் உள்ளே போனால் 1.4. அந்த ஸ்டாப்பில் ஃபோகஸ் ஆழம் விரற்கடை. நடிகர் அரையடி நகர்ந்தால் கண் தெளிவில்லாமல் போகும். அதனால்தான் இந்த மாதிரிக் காட்சிகளில் நடிகர்கள் ஜன்னலோரம் அதிகம் அசையாமல் இருப்பார்கள். சிலர் 85 ஃபில்டரைக் கழற்றிவிட்டு அந்த மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப்பை மிச்சம் பிடிப்பார்கள், லேபில் பிரிண்ட் போடும்போது நிறத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று. முகம் திருந்திவிடும், நிழல் திருந்தாது. சிவப்பு அடுக்குக்குப் போதிய வெளிச்சம் கிடைக்காததால் நிழல்களில் நீலம் ஒட்டிக்கொண்டே இருக்கும். 'என் இனிய பொன் நிலாவே' பாட்டில் கிட்டாரை மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடாமல், ஒருமுறை சத்தத்தைக் குறைத்துவிட்டு முகங்களின் மேல் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று மட்டும் பாருங்கள்.

'பன்னீர் புஷ்பங்கள்', 1981. சந்தானபாரதியும் பி. வாசுவும் பாரதி–வாசு என்று சேர்ந்து இயக்கிய படம். ஊட்டிப் பள்ளிக்கூடம், பதின்வயதுக் காதல், சுரேஷ், சாந்தி கிருஷ்ணா. முந்தின வருடம் கொலைகாரனாக வந்த பிரதாப் போத்தன் இங்கே பிள்ளைகளைப் புரிந்துகொள்ளும் ஆசிரியர். 'கோடைகாலக் காற்றே' பாட்டை மலேசியா வாசுதேவன் குரலில் கேட்கும்போதெல்லாம் மே மாதத்துக் காலை ஒன்பது மணிதான் எனக்குத் தோன்றும். இந்தப் படத்தைப் பிடித்திருப்பதற்குக் காரணம் மேகம் கிடையாது, வெயில். ஏழாயிரம் அடியில் காற்று மெல்லியது, வெயில் கூர்மை. நிழலுக்குள் போனால் குளிரும், வெயிலுக்கு வந்தால் சுடும். அந்த வயதுக்கு இதைவிடப் பொருத்தமான வானிலை இல்லை. கேமராவுக்கு இது கஷ்டமான வெயில். உச்சிப்பொழுதில் புருவத்துக்குக் கீழே கண் குழியாக இருண்டுவிடும், தூரத்து மலை நீலப்புகை பூசிக்கொள்ளும். யூவி ஃபில்டர் அந்த நீலத்தைக் கொஞ்சம் எடுக்கும், முழுதாக எடுக்காது. காலை எட்டிலிருந்து பத்தரை வரை எடுப்பதுதான் வழி. படமாக எடைபோட்டால் ஐந்தில் இது எளிமையானது. பாட்டுக்காகவும் அந்தப் பிள்ளைகளின் முகங்களுக்காகவும் இதை விட முடியவில்லை.

இனி 'மூன்றாம் பிறை'.

1982 பிப்ரவரியில் வெளியானது. மறுபடியும் பாலு மகேந்திராவின் கதை, கேமரா, இயக்கம். கமல்ஹாசனுக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது, பாலு மகேந்திராவுக்குச் சிறந்த ஒளிப்பதிவுக்கான தேசிய விருது. கண்ணதாசன் சினிமாவுக்குக் கடைசியாக எழுதிய பாட்டு 'கண்ணே கலைமானே' இந்தப் படத்தில்தான். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. கேத்தியில் ஆசிரியராக இருக்கும் சீனு, விபத்தில் நினைவு தப்பிக் குழந்தையாகிப்போன விஜியைக் கூட்டிவந்து பார்த்துக்கொள்கிறான். கதை ஏன் கேத்தியில் நடக்கிறது என்று யோசித்தால் படத்தின் பலம் தெரியும்.

கேத்தி சுற்றுலா ஊர் கிடையாது. ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவில், தொட்டபெட்டாவுக்குத் தெற்கே சரியும் பள்ளத்தாக்கு. உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ் போடும் படிக்கட்டு நிலங்கள், வரிசை வீடுகளாக படுகர்களின் ஊர்களான ஹட்டிகள், இடையிடையே கற்பூர மரமும் சீகை மரமும். அங்கே ஒரு ஆணும் பெண்ணும் ஒரு வீட்டில் இருந்தால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் இருக்காது. உலகத்திலிருந்து ஒளித்துவைத்த மாதிரி ஒரு வாழ்க்கை அங்கே முடியும். ஊட்டி மார்க்கெட் பக்கத்தில் வைத்திருந்தால் இந்தக் கதை முதல் வாரத்திலேயே உடைந்திருக்கும். அப்புறம் அங்கே ஒரு சின்ன ஸ்டேஷன் இருக்கிறது.

வெளிச்சத்துக்கு வருகிறேன். இந்தப் படத்தில் மேகத்தின் ஆழம் தெரியும். மேகம் இருக்கும் ஷாட்டை முன்பக்க வெளிச்சத்தில் எடுத்தால் அது பால் மாதிரித் தட்டையாகத் தெரியும். சூரியன் மேகத்துக்குப் பின்னால், கேமராவுக்கு எதிர்ப்பக்கம் இருந்தால் மேகமே ஒளிரும். மரம், ஆள், வேலி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வெளிறிக்கொண்டே போகும் அடுக்குகளாகப் பிரியும். லென்ஸும் இதில் பங்கெடுக்கும். 25, 32 எம்எம் மாதிரி அகல லென்ஸில் ஆள் பக்கத்திலேயே நிற்பார், அவருக்கும் கேமராவுக்கும் நடுவில் மேகம் குறைவு, ஆள் தெளிவு, பின்னணி மட்டும் காணாமல் போகும். 85, 100 என்று நீள லென்ஸுக்குப் போனால் கேமரா தூரம் தள்ளி நிற்க வேண்டும். நடுவில் மேகம் அதிகம், ஆளே பாதி கரைந்துவிடுவார். நினைவை இழந்த ஒரு பெண்ணின் கதைக்கு இந்த இரண்டில் எதை எங்கே எடுப்பது என்பது சும்மா தீர்மானிக்கிற விஷயம் இல்லை.

எடுக்கும் வரிசையும் முக்கியம். மேகத்தில் வைட் ஷாட்டை முதலில் எடுத்துவிட வேண்டும். மலை அளவுக்கு மேகத்தை யாராலும் செயற்கையாகப் போட முடியாது. குளோசப்புக்கு வரும்போது மேகம் போயிருந்தால் பின்னால் கொஞ்சம் புகை போட்டுச் சமாளிக்கலாம், வெயிலை வெள்ளைத்துணி கட்டி மறைக்கலாம். இதை மாற்றிச் செய்தவர்களின் படங்களில் அவள் பேசும்போது மேகம் இருக்கும், அவன் பதில் சொல்லும்போது பளிச்சென்று வெயில் அடிக்கும்.

கடைசிக் காட்சியில் மழை. கேத்தி ஸ்டேஷன். நினைவு திரும்பிய விஜி ரயிலில் உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்குச் சீனு யாரென்று தெரியாது. அவளை முன்பு சிரிக்கவைத்த அதே குரங்காட்டத்தை அவன் பிளாட்பாரத்தில் ஆடிக் காட்டுகிறான். இந்தக் காட்சியின் நடிப்பைப் பற்றி நாற்பது வருடமாகப் பேசியாகிவிட்டது. மழையைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

மழையைப் படமெடுப்பது கடினம். துளி கண்ணாடி மாதிரி, தன் பின்னால் இருப்பதைத்தான் காட்டும். பின்னால் வெள்ளை வானம் இருந்தால் மழை தெரியாது, ஆள் நனைவது மட்டும் தெரியும். பின்னால் கருத்த மரமோ மலைச்சரிவோ ரயில் பெட்டியோ இருந்து, வெளிச்சம் பக்கத்திலிருந்தோ பின்னாலிருந்தோ வந்தால்தான் துளி கோடாகத் தெரியும். ஸ்டேஷனில் பெட்டியும் சரிவும் இந்தக் கறுப்பைக் கொடுக்கின்றன. ஈரமான தரை வானத்தைத் திருப்பிக் காட்டுவதால் முகத்துக்குக் கீழிருந்தும் கொஞ்சம் வெளிச்சம் வரும். மழைநாளில் புருவத்தடி இருட்டு இல்லாமல் கண்கள் தெரிவதற்கு இது ஒரு காரணம். கமலின் முகத்தில் சேறும் தண்ணீரும் இருந்தும் ஒவ்வொரு நினைப்பும் படிக்க முடிகிறது.

மழை சத்தம், ரயில் சத்தம், கேமராவின் கடகடப்பு எல்லாம் சேர்ந்தால் அங்கே பேசிய எதையும் பதிவுசெய்து பயன்படுத்த முடியாது. அந்தக் காலத்து அவுட்டோர் காட்சிகள் எல்லாமே பிறகு டப்பிங் தியேட்டரில் பேசியவைதான். மழையில் மூச்சுவாங்க ஓடிய அந்தக் குரலை, மூடிய அறையில் மைக் முன்னால் நின்றுகொண்டு திரும்பக் கொண்டுவர வேண்டும். இந்தக் காட்சியை ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், அந்த வேலை எவ்வளவு பெரியது என்று தெரியும்.

நாலாவதாக 'எ பாசேஜ் டு இந்தியா', 1984. டேவிட் லீன் இயக்கியது. இது நீலகிரிக் கதையே இல்லை, குகைக் காட்சிகளும் இங்கே எடுத்ததில்லை. குகைக்குப் போகும் ரயில் மட்டும் நம்முடையது. ஆனால் மலை ரயிலை இவ்வளவு பொறுமையாகப் பார்த்த வேறு படம் அந்தப் பத்தாண்டில் எனக்குத் தெரிந்து இல்லை. விக்டர் பானர்ஜி ஓடும் பெட்டிக்கு வெளியே தொற்றிக்கொண்டு வருவதும், கீழே பள்ளம் திறப்பதும் தெரிந்த ஆட்களுக்கே வயிற்றைக் கலக்கும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி 46 கிலோமீட்டர். 16 சுரங்கப்பாதை, 250 பாலம், 208 வளைவு. கல்லாறிலிருந்து குன்னூர் வரை ஏற்றம் ஏறக்குறைய 12 அடிக்கு ஒரு அடி. அந்தப் பகுதியில் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே பல்லுப் பட்டை ஓடும், எஞ்சினின் பல் சக்கரம் அதைப் பிடித்து ஏறும். எஞ்சின் முன்னால் இழுக்காது, கீழ்ப்பக்கம் நின்று தள்ளும். படமெடுப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. ஏறும்போது முதல் பெட்டிக்கு முன்னால் எஞ்சினும் இல்லை, புகையும் இல்லை, பாதை முழுக்கத் திறந்து கிடக்கும். ஒரு கஷ்டமும் இருக்கிறது. வேகம் மிகக் குறைவு, 46 கிலோமீட்டர் ஏற ஐந்து மணி நேரத்துக்குக் கிட்ட ஆகும். திரையில் ரயில் ஊர்கிறது என்று பயந்து, கேமராவை நொடிக்கு 24க்குப் பதில் 18 ஃபிரேமில் ஓடவிட்டு வேகமாகக் காட்டுவார்கள். அப்போது ரயில் வேகமாகும், ஆனால் பெட்டியில் கையாட்டும் ஆட்களும் வெட்டிவெட்டி அசைவார்கள், நீராவி பொசுக்கென்று மறையும். அந்த ஏமாற்று எங்கே நடந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க நீராவியைப் பார்த்தாலே போதும்.

ஐந்தாவது 'இதயத்தை திருடாதே', 1989. மணிரத்னம் தெலுங்கில் எடுத்த 'கீதாஞ்சலி'யின் தமிழ் வடிவம். அவர் நேரடியாகத் தெலுங்கில் செய்த ஒரே படம் அது. நாகார்ஜுனா, கிரிஜா, இளையராஜா, கேமரா பி.சி. ஸ்ரீராம். நாட்கள் எண்ணப்பட்ட ஒருவன் ஊட்டிக்கு வருகிறான், அங்கே அவனைப் போலவே நாட்கள் எண்ணப்பட்ட ஒரு பெண். பாலு மகேந்திரா மேகத்துக்காகக் காத்திருந்தார் என்றால் ஸ்ரீராம் மேகத்தை உருவாக்கவும் தயங்கவில்லை. புகையும் எதிர்வெளிச்சமும் சேர்ந்த அந்தத் தோற்றத்தைத் தொண்ணூறுகளில் எத்தனை பேர் பின்பற்றினார்கள் என்பதைப் பார்த்தாலே அதன் செல்வாக்கு தெரியும். பின்பற்றியவர்களில் பலர் புகையைத்தான் எடுத்துக்கொண்டார்கள், இருட்டை எடுத்துக்கொள்ளவில்லை.

புகை போடுவது எளிது மாதிரித் தெரியும். தேங்காய்த்தொட்டிக் கனலில் சாம்பிராணியைப் போட்டாலும் சரி, மெஷினில் போட்டாலும் சரி, மலைக்காற்று வீசும் மேட்டில் அது அரை நிமிடம் தாங்காது. மரங்கள் அடர்ந்த பள்ளமான இடம், காற்று தூங்கும் விடியற்காலை இரண்டும் சேர்ந்தால்தான் நிற்கும். புகை விட்டவுடன் ஷாட் எடுக்கக்கூடாது. உருண்டையாகச் சுருண்டு எழுவது அடங்கி, பரவி, சமமாகும் வரை ஒன்றிரண்டு நிமிடம் பொறுக்க வேண்டும். பொறுக்காத ஷாட்டில் மரத்துக்குப் பின்னால் யாரோ அடுப்பு மூட்டின மாதிரி இருக்கும். நிஜ மேகம் ஒரு பக்கமாக நகரும், புகை மேலே எழும். இந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே எந்தப் படத்திலும் பிரித்துவிடலாம்.

'ஆத்தாடி அம்மாடி' மழைப் பாட்டு. படப்பிடிப்பில் மழை வேண்டுமென்றால் தண்ணீர் லாரி வரவேண்டும். குழாய் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்தால் குளியலறை ஷவர் மாதிரி விழும். மேல்நோக்கி அடித்து, தண்ணீர் உச்சியில் உடைந்து தானாக விழவிட்டால்தான் மழைத்துளியாகும். 12,000 லிட்டர் லாரி, நிமிடத்துக்கு 500 லிட்டர் கொட்டினால் 24 நிமிடத்தில் காலி. மலைச்சாலையில் அடுத்த லாரி வரும் வரை நனைந்தவர்கள் நடுங்கிக்கொண்டு நிற்க வேண்டும். பல் கிட்டிக்கும் முகத்தில் உற்சாகம் வராது. அதனால் ஆட்டத்தை வைட் ஷாட்டில் முதலில் முடித்துவிட்டு, குளோசப்புக்கு வாளித்தண்ணீரைப் பயன்படுத்துவது வழக்கம்.

விளக்குக்கும் இங்கே ஒரு கணக்கு உண்டு. ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 80 சதவீதம்தான். டர்போ இல்லாத டீசல் ஜெனரேட்டர் கீழே கொடுக்கும் முழுச் சக்தியை மேலே கொடுக்காது. கணக்குப் போடாமல் கீழே ஏற்றிய அத்தனை விளக்கையும் மேலே ஏற்றினால் வோல்டேஜ் இறங்கும், டங்ஸ்டன் விளக்கு மஞ்சளடிக்கும், பகல் காட்சிக்குள் ஒரு மூலை மட்டும் செம்மண் நிறமாகும். குளிரில் கேமரா பேட்டரியும் சீக்கிரம் படுக்கும். குளிர்ந்த லென்ஸை அடுப்பு எரியும் அறைக்குள் கொண்டுவந்தால் உடனே வேர்த்துவிடும். பாலிதீன் பையில் கட்டி, ஒரு மணி நேரம் அப்படியே வைத்துவிட்டுத்தான் திறக்க வேண்டும். துடைத்துத் துடைத்து எடுத்தால் உள்கண்ணாடியில் தங்கும் ஈரம் ஒரு மழைக்காலத்துக்குள் பூஞ்சையாகும்.

இதே ஊரில்தான் ஃபிலிமும் தயாரானது என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். ஊட்டி இந்து நகரில் 1960இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் போட்டோ பேப்பரும் எக்ஸ்ரே ஃபிலிமும் செய்தது. தூசி குறைந்த காற்றும் குளிரும் ஃபிலிமின் மேல் எமல்ஷன் என்ற ஒளியுணர் பூச்சைப் பூசும் வேலைக்குத் தோதானவை. இப்போது அந்த ஆலை மூடிக்கிடக்கிறது. இந்தப் பத்தாண்டைப் பற்றி எழுதும்போது அதை விட்டுவிட்டு எழுத மனம் வரவில்லை.

பழனி மலையை ஏன் விட்டாய் என்று கொடைக்கானல்காரர்கள் கேட்பார்கள். எனக்குப் பிடித்த கொடைக்கானல் படம் 'குணா'. வந்தது 1991, பத்தாண்டு தாண்டிவிட்டது. மேலே ஒரு கீற்றிலிருந்து மட்டும் வெளிச்சம் இறங்கும் குகைக்குள் வேணு செய்த ஒளிப்பதிவுக்குத் தனியாக ஒரு பதிவே எழுத வேண்டும். 1992இன் 'ரோஜா'வில் காஷ்மீராக வரும் சில இடங்கள் நம் குன்னூரும் ஊட்டியும்தான். அதுவும் அடுத்த பத்தாண்டுக் கணக்கு.

இந்த ஐந்தையும் இப்போது பார்ப்பவர்கள் பெரும்பாலும் டிவியிலோ போனிலோ பார்க்கிறார்கள். மேகம்தான் அங்கே முதலில் சாகும். டிவியில் பிக்சர் மோடை 'சினிமா' அல்லது 'மூவி' என்று மாற்றுங்கள், 'விவிட்' வேண்டாம். அது வெள்ளையை நீலமாக்கி, மேகத்தின் மடிப்பை அழித்துவிடும். ஷார்ப்னெஸைப் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். நாய்ஸ் ரிடக்ஷனை அணைத்துவிடுங்கள். ஃபிலிமின் மணல் போன்ற புள்ளிகளை அது குப்பை என்று நினைத்துத் துடைக்கும், துடைத்த இடத்தில் மேகம் சதுரம் சதுரமாக நகரும். அசைவை வழுவழுப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங் எந்தப் பெயரில் இருந்தாலும் அணையுங்கள். பக்கத்தில் கறுப்புப் பட்டை வந்தால் வரட்டும், இழுத்துப் பெரிதாக்காதீர்கள். தலைக்கு மேல் விட்ட இடம்தான் அங்கே மலை. அறை விளக்கை அணைத்துவிட்டு, 'மூடுபனி'யையும் 'இதயத்தை திருடாதே'யையும் இரவிலேயே பாருங்கள். வெளிச்சம் குறைந்த புரொஜெக்டர் விளக்கில் இந்த மாதிரி இருட்டுப் படங்கள் சேறாகத் தெரிந்ததால்தான் அப்போது நிறையப் பேர் 'படம் ஒரே இருட்டு' என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கேத்தி ஸ்டேஷனைப் போய்ப் பார்க்க விரும்புபவர்கள் குன்னூரிலிருந்து ஊட்டி ரயிலில் ஏறலாம். வெலிங்டன், அருவங்காடு, அடுத்தது கேத்தி. குன்னூரோடு பல்லுப் பட்டை முடிந்துவிடுவதால் இங்கே தண்டவாளத்தின் நடுவில் ஒன்றும் இருக்காது. கேத்திப் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிது. ஐப்பசியில் போனால் மழை கிடைக்க வாய்ப்பு அதிகம், மண் சரிந்து ரயில் நிற்கவும் வாய்ப்பு உண்டு, கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். மழை பிடித்துவிட்டால் குடையை மடக்கிவிட்டு, வானம் தெரியும் பக்கம் பார்க்காமல், கருத்த மரம் இருக்கும் பக்கம் பார்த்து நில்லுங்கள். துளி அங்கேதான் தெரியும்.